காமா கதிர் வெடிப்பைத் துரத்தும் தானியங்கித் தொலைநோக்கிகள்: வேகமா, பரப்பா, பெரிய கண்ணாடியா?

1999 ஜனவரி 23. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ரோட்ஸி என்ற சிறு கருவி, செயற்கைக்கோளிடமிருந்து சேதி வந்த கையோடு தானாகவே திரும்பி, காமா கதிர் வெடிப்பு (விண்வெளியின் தொலைவிலிருந்து சட்டென வந்து மறையும் காமா கதிர்ப் பாய்ச்சல்) தொடங்கிய 22ஆம் நொடியில் முதல் படத்தை எடுத்தது. அதில் பெரிய கண்ணாடி எதுவும் கிடையாது. புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் 200 மில்லிமீட்டர் கேனன் லென்ஸ் நான்கு, அவ்வளவுதான். அடுத்த சில நொடிகளில் அந்த ஒளி பொலிவெண் 9 வரை ஏறியது. இந்த எண் குறையக் குறைய பிரகாசம் கூடும்; இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். அப்படியென்றால் 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த ஓர் ஒளியை, அந்தச் சில நொடிகளில் நல்ல பைனாகுலர் வைத்திருந்த யாரும் பார்த்திருக்கலாம்.

அந்த இரவுக்குப் பிறகு பல நாட்டுக் குழுக்கள் தானியங்கித் தொலைநோக்கிகளைக் கட்டத் தொடங்கின. ஆனால் ஒரே வழியில் போகவில்லை. சிலர் வேகத்தில் பணத்தைப் போட்டார்கள், சிலர் அகலமான பார்வையில், சிலர் பெரிய கண்ணாடியில். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் எந்த வழி எதற்கு உதவியது என்று இப்போது ஓரளவு தெளிவாகவே சொல்லலாம்.

அதற்கு முன் எச்சரிக்கைச் சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். காமா கதிர்களைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் வெடிப்பை முதலில் உணர்வது செயற்கைக்கோள்தான். அது கணக்கிட்ட இடம் நாசாவின் எச்சரிக்கை வலையமைப்பு வழியாக உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளுக்கு நொடிகளில் போகும். அந்த இடம் எவ்வளவு துல்லியமானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், வெடிப்பின் இடத்தைச் சில கலைநிமிடத் துல்லியத்தில் முதலிலேயே தந்துவிடும். முழுநிலவின் அகலம் 30 கலைநிமிடம் என்பதை வைத்துப் பார்த்தால் அது சின்னப் புள்ளி. ஃபெர்மி செயற்கைக்கோளின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவி அப்படி இல்லை. அது காட்டும் இடத்தில் பல பாகைகள் பிழை இருக்கலாம். அந்த வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான முழுநிலவுகளை அடுக்கிவிடலாம். ஸ்விஃப்ட்டை நம்பிக் கட்டிய தொலைநோக்கி, ஃபெர்மி அனுப்பிய சேதிக்குப் பெரும்பாலும் திண்டாடும்.

சரி, முதலில் வேகக்காரர்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஏக்கர்லாஃப் தலைமையிலான குழு, முதல் வெற்றிக்குப் பின் ரோட்ஸி-3 என்ற 45 சென்டிமீட்டர் தொலைநோக்கிகளை ஆஸ்திரேலியா, டெக்சஸ், நமீபியா, துருக்கி என நான்கு இடங்களில் நிறுத்தியது. நான்கும் ஒரே அச்சு. சேதி கிடைத்த பத்து நொடிக்குள் படம் எடுக்கத் தொடங்கிவிடும் வகையில் கட்டப்பட்டவை, பார்வைப்புலம் 1.85 பாகை. பிரான்சின் டாரோ இன்னும் சிறியது. 25 சென்டிமீட்டர் கண்ணாடி, ஏறத்தாழ அதே பார்வைப்புலம். தெற்கு பிரான்சிலும் சிலியிலும் ஒவ்வொன்று, பிறகு ரீயூனியன் தீவில் அதைவிடச் சிறியதாக ஒன்று. ஸ்பெயினின் ஆல்பெர்டோ காஸ்ட்ரோ-டிராடோ 1998இல் தொடங்கிய பூட்டெஸ், 60 சென்டிமீட்டர் தொலைநோக்கிகளை ஸ்பெயின், நியூசிலாந்து, சீனா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, சிலி என்று ஒவ்வொன்றாக நட்டு, 2022இல் ஏழாவது நிலையத்தோடு உலகைச் சுற்றி முடித்தது.

இந்த மூன்றில் டாரோவைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 25 சென்டிமீட்டர் என்பது வசதியான ஓர் ஆர்வலர் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொள்ளும் அளவு. ஆனால் 2005 செப்டம்பர் 4 அன்று வெடித்த ஒன்றின் ஒளியை, வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது பிடித்தது. செந்நகர்ச்சி 6.3, அதாவது பிரபஞ்சம் பிறந்து 100 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்திலிருந்து வந்த ஒளி. அன்றைக்கு அறியப்பட்டிருந்த வெடிப்புகளிலேயே மிகத் தொலைவானது அதுதான். சில மணி நேரம் கழித்துப் பார்த்த பெரிய தொலைநோக்கிகளுக்கு மங்கலான மிச்சம்தான் கிடைத்தது. முதல் சில நிமிடங்களில் ஒளி அவ்வளவு அதிகமாக இருப்பதால் சிறு கண்ணாடியே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ரோட்ஸியின் கதை வேறு விதம். காமா கதிர் வெடிப்புக்காகவே கட்டிய கருவி, வெடிப்பு இல்லாத நேரத்தில் என்ன செய்யும்? டெக்சஸில் இருந்த தொலைநோக்கியை வைத்து ராபர்ட் குவிம்பி சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களைத் தேடினார். 2006 செப்டம்பரில் எஸ்என் 2006ஜிஒய் கிடைத்தது; வழக்கமான சூப்பர்நோவாக்களைவிடப் பல மடங்கு பிரகாசம். மீப்பிரகாசச் சூப்பர்நோவா என்று ஒரு தனி வகையே அந்தத் தேடலிலிருந்துதான் நிலைபெற்றது. வெறும் 45 சென்டிமீட்டர் கண்ணாடி! காத்திருக்கும் நேரத்தை வீணாக்காத திட்டமே நல்ல திட்டம் என்று நான் நினைப்பது இதனால்தான். ஒப்பீடுகளில் நொடிக்கணக்கை மட்டும் பட்டியலிட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

வேகக்காரர்களின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது. எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் சேதி வந்த பிறகுதான் திரும்ப முடியும். குறுகிய வகை வெடிப்பு இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். பத்தாவது நொடியில் போய் நின்றால் பார்ப்பது பின்னொளியை, அதாவது வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் மிச்ச ஒளியை மட்டும்தான்.

அந்த முதல் நொடி வேண்டுமென்றால் ஏற்கெனவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போலந்து நாட்டவரின் 'பை ஆஃப் தி ஸ்கை' கருவி இந்த எண்ணத்தில் பிறந்தது. சிலியின் லாஸ் கம்பனாஸில் சாதாரண கேமரா லென்ஸ்களால் வானின் 20 பாகை அகலத்தை 10 நொடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருந்தது. 2008 மார்ச் 19 அன்று ஒரு வெடிப்பு நடந்தது. அதைப் பார்க்கப் பல கருவிகள் திரும்பியிருந்தன. அரை மணி நேரம் ஆவதற்குள் சுமார் 10 பாகை தள்ளி இன்னொன்று வெடித்தது. அகலக் கண் உள்ள கருவிகளின் படத்துக்குள் அந்த இடமும் இருந்தது. பை ஆஃப் தி ஸ்கையும், சிலியிலேயே லா சில்லாவில் இருந்த டார்டோரா என்ற அதிவேக வீடியோ கேமராவும், ஒளி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து பொலிவெண் 5.3 வரை ஏறியதை முழுக்கப் பதிவு செய்தன. 750 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நடந்த ஒன்று வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு! காமா கதிரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்ததை அந்தப் பதிவுதான் காட்டியது. ரோட்ஸியின் 1999 பதிவில் அப்படி இல்லை. அங்கே ஒளியின் உச்சம் காமா கதிரோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு வெடிப்பிலும் ஒளி பிறந்த இடம் வேறு என்ற விவாதத்துக்கு இந்த இரண்டு பதிவுகளும் அடிப்படையாக நின்றன.

லாஸ் அலமோஸின் டாம் வெஸ்ட்ராண்ட் குழுவும் ராப்டர் என்ற பெயரில் இந்த வழியில் போனது. 2013 ஏப்ரல் 27 வெடிப்பு பொலிவெண் 7 வரை போனதை அவர்கள் பிடித்தார்கள்.

ஆனால் இதன் விலையையும் சொல்ல வேண்டும். அகலமான லென்ஸுக்கு மங்கலான பொருள் தெரியாது. 1999, 2008, 2013 போன்ற பிரகாசமான வெடிப்புகள் அபூர்வம். பெரும்பாலான வெடிப்புகளுக்கு இந்தக் கேமராக்கள் தரும் பதில் "இதைவிடப் பிரகாசமாக ஒன்றும் இல்லை" என்பது மட்டும்தான். அந்தப் பதிலுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதற்காக ஆண்டுக்கணக்கில் நிதி கேட்பது சுலபமில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது மாஸ்டர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் விளாதிமிர் லிபுனோவ் குழு கட்டியது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்து தென்னாப்பிரிக்கா, கேனரி தீவு, அர்ஜென்டினா வரை நிலையங்கள். ஒவ்வொன்றிலும் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கிக் குழாய்கள் இரண்டு. ஒவ்வொரு குழாயும் வானில் 4 சதுரப் பாகையைப் பார்க்கும். இந்த இரட்டைக் குழாய் ஏற்பாட்டில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. இடம் சரியாகத் தெரியவில்லையா? இரண்டையும் விலக்கிவைத்து 8 சதுரப் பாகையைத் தேடலாம். இடம் தெரிந்துவிட்டதா? இரண்டையும் ஒரே புள்ளிக்குத் திருப்பி, வெவ்வேறு திசையில் வைத்த முனைவாக்க வடிகட்டிகள் வழியே பார்க்கலாம். ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்கின்றனவா என்று பார்ப்பதே முனைவாக்க அளவீடு. வெடிப்பின் தாரையில் (வெடிப்பிலிருந்து பீய்ச்சியடிக்கும் பொருளோட்டத்தில்) ஒழுங்கான காந்தப்புலம் இருக்கிறதா என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். 2016 ஜூன் 25 வெடிப்பு ஓயும் முன்பே அதன் ஒளியில் குறைந்தது 8 சதவீத முனைவாக்கம் இருப்பதை மாஸ்டர் அளந்தது. வடிவமைப்பை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மாஸ்டரைத்தான் சொல்வேன்.

முனைவாக்கம் என்றாலே லிவர்பூல் தொலைநோக்கியையும் சொல்லியாக வேண்டும். லா பால்மா தீவில் நிற்கும் 2 மீட்டர் தானியங்கி. வலையமைப்பெல்லாம் இல்லை, தனி ஆள். அதன் மூடி இரு பக்கமும் முழுக்கத் திறந்துகொள்வதால் குவிமாடம் சுழலும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 2 மீட்டர் தொலைநோக்கியின் எடையைத் திருப்ப நேரம் ஆகும். 2009 ஜனவரி 2 வெடிப்பைப் பார்க்கத் தொடங்க 160 நொடி ஆனது. ஆனால் அப்போது எடுத்த ஒரு நிமிடப் பதிவில் 10 சதவீத முனைவாக்கம் கிடைத்தது. 2012 மார்ச் 8 வெடிப்பில் 28 சதவீதம். 60 சென்டிமீட்டர் கண்ணாடியால் இந்த அளவீட்டை இவ்வளவு நம்பகமாகச் செய்வது கடினம். தாமதத்துக்குப் பதிலாகத் தரம் கிடைத்தது. என் கருத்தில் லாபகரமான பேரம் அது. ஆனால் லா பால்மாவில் பகலாக இருக்கும்போது வெடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் குறையைப் பணத்தால் தீர்த்தது லாஸ் கும்ப்ரெஸ். வெய்ன் ரோஸிங் 2005இல் தொடங்கிய அமைப்பு. ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் 2 மீட்டர் தொலைநோக்கிகள். சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, டெக்சஸ், டெனெரிஃப் ஆகிய இடங்களில் 1 மீட்டர். கூடவே இன்னும் சில சிறுசுகள். எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் ஒரே தொலைநோக்கி போல நடத்துகிறது. ஓரிடத்தில் விடிந்தால் வேலை அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

முதல் பத்து நொடிப் பந்தயத்தில் லாஸ் கும்ப்ரெஸ் பின்தங்கும். அது அதற்காகக் கட்டியதும் இல்லை. அதன் பலம் 2017 ஆகஸ்ட் 17 அன்று தெரிந்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி, ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் ஒரு குறுகிய காமா கதிர் வெடிப்பும் வந்தது. ஆனால் இடம் சுமார் 30 சதுரப் பாகை அகலத்துக்குப் பரந்திருந்தது. அந்தப் பகுதி சிலியில் இருட்டிய பிறகுதான் பார்க்கக் கிடைத்தது, அதற்குள் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. நொடியில் திரும்பும் திறமையால் அன்று யாருக்கும் பயன் இல்லை. அந்தத் தொலைவில் இருந்த விண்மீன் மண்டலங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவர்களும், அகலமாகத் தேடியவர்களும் கிலோநோவாவை, அதாவது அந்த மோதலில் சிதறிய பொருள் ஒளிர்வதைக் கண்டார்கள். தனித்தனியாகக் கண்ட ஆறு குழுக்களில் லாஸ் கும்ப்ரெஸின் சிலித் தொலைநோக்கியும், அர்ஜென்டினாவில் இருந்த மாஸ்டரும் உண்டு. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கிலோநோவா சில நாட்களில் மங்கி, நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. லாஸ் கும்ப்ரெஸ் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று மாறி மாறிப் பார்த்து, இரவுக்கு ஒரு புள்ளி கிடைக்கும் இடத்தில் மூன்று புள்ளி சேர்த்தது. முதல் இரண்டு நாளில் அவ்வளவு விரைவாக மாறும் ஒன்றுக்கு, ஓரிடத்தில் மட்டும் நின்ற எந்தப் பெரிய கண்ணாடியாலும் இதைத் தந்திருக்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான். காமா கதிர் வெடிப்பின் முதல் நிமிடங்கள் வேண்டுமென்றால் ஒரு 2 மீட்டருக்கான பணத்தைப் பல தீர்க்கரேகைகளில் 60 சென்டிமீட்டர்களாகப் பிரித்து நடுவதே மேல். பூட்டெஸ் போன வழி அது. கிலோநோவாவுக்கு லாஸ் கும்ப்ரெஸ் மாதிரி ஒரே மூளையில் ஓடும் 1 மீட்டர்கள் வேண்டும். எப்போதும் விழித்திருக்கும் கேமராக்களைத் தனித் திட்டமாக நடத்துவதைவிட, ஒவ்வொரு நிலையத்திலும் துணையாகப் பொருத்தலாம். செலவு குறைவு, 2008 போல ஒன்று மறுபடி நடந்தால் அது ஒன்றே போதும்.

இதில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. கேனரி தீவுகளில் இன்னும் முழுதாக இருட்டாத, கிழக்கு ஆஸ்திரேலியாவில் விடியலை நெருங்கும் மணிநேரங்களில் இந்தியாவில் நள்ளிரவு. லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனமும் ஐஐடி பம்பாயும் சேர்ந்து நிறுவிய 70 சென்டிமீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கி 2018 முதல் வேலை செய்கிறது. இந்தியாவின் முதல் முழுத் தானியங்கி ஆய்வுத் தொலைநோக்கி அது. ஹான்லேயில் மேகம் சூழ்ந்தால் இந்தத் தீர்க்கரேகையில் மாற்று ஆள் போதாது. அதே அளவில் இரண்டாவது ஒன்று, ஹான்லேயின் பருவநிலையோடு ஒத்துப்போகாத வேறோர் இடத்தில் வர வேண்டும். 2 மீட்டர் தானியங்கியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.