நாலு லட்சத்தில் ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, போலோ: வாங்கிய பிறகு எது கையைக் கடிக்கும்?

நாலு லட்ச ரூபாய்க்குள் 2014 முதல் 2017 வரையிலான பழைய கார் தேடும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னைக் கூடவே அழைத்துப் போவது வழக்கம். பெரும்பாலும் கடைசியில் மூன்று வண்டிகள்தான் மிஞ்சும்: மாருதி ஸ்விஃப்ட் டீசல், ஹூண்டாய் கிராண்ட் ஐ10 பெட்ரோல், ஃபோக்ஸ்வாகன் போலோ. மைலேஜ், பிக்கப், ரீசேல் எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். வாங்கிய பிறகு வரப்போகிற செலவு சொல்லிவிட்டு வருமா, சொல்லாமல் வருமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. பழைய கார் வாங்குகிற குடும்பத்துக்கு அவ்வப்போது பத்தாயிரம் போனால் தாங்கும். ஒரே நாளில் ஒன்றரை லட்சம் கேட்டால் வண்டி ஷெட்டிலேயே நின்றுவிடும்.

கீழே வரும் தொகைகள் தோராயமானவை. ஊருக்கு ஊர், ஷெட்டுக்கு ஷெட் மாறும்.

ஸ்விஃப்டிலிருந்து தொடங்குகிறேன். அதன் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபியட் உருவாக்கிய மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று ஏகப்பட்ட வண்டிகளில் இதே எஞ்சின் ஓடியது. அதனால் இதைப் பிரித்துப் பார்க்காத டீசல் மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். சென்னை ஜி.பி. ரோட்டில் புது சாமானும், புதுப்பேட்டையில் பழைய சாமானும் கிடைத்துவிடும். இந்த வசதிக்கே நான் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் செயின் தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் கடகடவென்று சத்தம் வரும். செயின் செட்டும் கூலியும் சேர்த்து ரூ. 15,000 பக்கம் ஆகும். அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் செயின் பல் தாண்டி வால்வு அடிவாங்கும், செலவு பல மடங்காகும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ ஆயில் குடிக்க ஆரம்பித்தால் சைலன்சரில் நீலப் புகை வரும். ரீகண்டிஷன் செய்தால் ரூ. 10,000 முதல் 15,000 வரை, புதிதாகப் போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு. டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் பழுதானால் மிஸ்ஸிங்கும் (எஞ்சின் விட்டு விட்டு ஓடுவது) கரும்புகையும் வரும். ஒன்றைச் சரிசெய்ய ஐந்தாறாயிரம், இருப்பதோ நான்கு. முன்பக்கம் லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் சத்தமெல்லாம் சில்லறைச் செலவுதான்.

இவற்றில் எதுவும் திடீரென்று வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். சத்தமோ புகையோ பல மாதம் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஸ்விஃப்ட் டீசலை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்கப் போக வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ கேட்கவிடாமல் செய்வதற்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

கிராண்ட் ஐ10 பெட்ரோலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவே அதன் பெருமை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி. 1.2 லிட்டர் கப்பா எஞ்சின், நாலு சிலிண்டர், டைமிங் செயின். டர்போ கிடையாது, அதனால் டர்போ செலவும் கிடையாது. நகர நெரிசலில் ஓடிய வண்டியென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும், மாற்ற ரூ. 7,000 முதல் 10,000 வரை ஆகும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். எலெக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கலாம். சாமான் விலை சில நூறு ரூபாய்தான், கழற்றி மாட்டும் கூலிதான் அதைவிட அதிகம். விஷயம் தெரியாத இடத்தில் ஸ்டியரிங் காலத்தையே மாற்றச் சொல்வார்கள், அங்கே மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

போலோ மேல் எனக்கு உண்மையான ஆசை உண்டு. கதவைச் சாத்தும்போதே அந்த உடம்பின் உறுதி தெரியும். 2014-இல் காரை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோ பூஜ்ஜியம் வாங்கியது. நிறுவனம் உடனே எல்லா மாடலிலும் இரண்டு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது, அந்த வண்டி நாலு நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு ஏர்பேக் இல்லாமல் சோதிக்கப்பட்ட ஸ்விஃப்டுக்குப் பூஜ்ஜியம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் செலவு? சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம், ஏ.சி. கூலிங் காயில் எல்லாமே மற்ற இரண்டைவிடக் கூடுதல் விலை. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் போனால் பெரும்பாலும் பூட்டையே மாற்றச் சொல்வார்கள். 1.5 லிட்டர் டீசலில் செயின் இல்லை, டைமிங் பெல்ட். பெல்ட் சத்தம் போட்டு எச்சரிக்காது. அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சின் போய்விடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, ரூ. 20,000-க்கு மேல் விலையில் குறைத்துப் பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஜி.டி. டி.எஸ்.ஐ. மாடலின் டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைத்தான். ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். ஆனால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் அதன் மெகட்ரானிக் யூனிட்டில் ஆயில் அழுத்தத்தைத் தாங்கும் பகுதி விரிசல் விட்டால், ஓடிக்கொண்டிருந்த வண்டி கியர் எடுக்காமல் நடுரோட்டில் நின்றுவிடும். கம்பெனி சர்வீஸில் யூனிட்டையே மாற்றினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். விரிசல் விட்ட பகுதியை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள், செலவும் பாதிக்குக் கீழே வரும். அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர் இந்த வண்டியைத் தொட வேண்டாம். நாலு லட்சத்துக்கு வாங்கிய காரில் கியர் பெட்டிக்கு மட்டும் ஒன்றரை லட்சம் கொடுப்பது நியாயமே இல்லை.

அப்போ எதை வாங்குவது? மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர் கிராண்ட் ஐ10-ஐ எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். தினமும் நீண்ட தூரம் போகிறவருக்கு ஸ்விஃப்ட் டீசல் சரி, ரூ. 40,000 தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கினால் போதும். போலோதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், மேனுவல் கியர் பெட்ரோல் மாடலைப் பாருங்கள். 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் கொஞ்சம் அதிரும், இழுவையும் குறைவு, ஆனால் அதிர்ச்சி தராது.

டில்லிப் பக்கத்திலிருந்து வரும் டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கும். பத்து வருட டீசலுக்கு அங்கே கொண்டுவந்த கட்டுப்பாடுதான் அந்த மலிவுக்குக் காரணம். அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி முடிப்பதற்குள் அந்த லாபம் கரைந்துவிடும்.

சென்னை வண்டியென்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். மூன்று வண்டிகளிலும் ஸ்டியரிங் உதவி மோட்டார், கம்ப்யூட்டர், ஒயரிங் எல்லாமே தண்ணீருக்கு ஆகாதவை. எந்த மெக்கானிக்காலும் முழுதாகச் சரிசெய்ய முடியாத பழுது அது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.