ஒன்றரைக் கட்டையில் அடங்கிப்போகும் பேஸ் கிட்டார்

நான் 16,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பேஸ் கிட்டார், பண்டிகைத் தள்ளுபடியில் இப்போது 11,900-க்கு வந்திருக்கிறது. எங்கள் சர்ச் கொயரில் புதிதாகச் சேர்ந்த தம்பி அந்த லிங்கை அனுப்பி, “அண்ணே, கண்ண மூடிக்கிட்டு வாங்கிரலாமா?” என்று கேட்டிருந்தான். ஆமாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் புலம்பப் போகிற குறை அந்தக் கம்பெனியோடு மட்டும் நிற்பதில்லை. நாலு கம்பி, 34 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), போல்ட் போட்டு மாட்டிய மேப்பிள் மரக் கழுத்து (நெக்) என்று அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸின் வடிவத்தில் வரும் எந்தக் கிட்டாரிலும் இது இருக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் அருமை. 1957-ல் வந்த அமைப்பு அது: பிக்கப்பை இரண்டு துண்டாக வெட்டி, இரண்டு கம்பிக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டு துண்டிலும் இருக்கும் செப்புச் சுருளில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எங்கள் சர்ச்சில் ஃபேன் ரெகுலேட்டரும் டியூப் லைட்டும் எர்த் சரியில்லாத பிளக்கும் சேர்ந்து, லீட் கிட்டார் வாசிக்கும் பையனின் ஆம்ப் எப்போதும் வண்டாக ரீங்காரமிடும். என் பேஸ் அதே பிளக் பாயின்ட்டில் சத்தமே இல்லாமல் இருக்கும். இந்த விலையில் அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கீழே ஓப்பன் ஈ கம்பியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால், 41 ஹெர்ட்ஸ் சத்தம் காதுக்கு முன்னால் மர பெஞ்சில் தெரியும். முன்வரிசையில் உட்காரும் பாட்டிமார் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த சந்தோஷத்துக்கு விலை போட முடியாது.

ட்யூனிங் கலையாமல் நிற்கிறது. நெக் கைக்கு அடக்கம். வந்த புதிதில் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) உயரமாக இருந்தது, முதல் ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோக வரிகளில் முதலாவது) அழுத்தவே விரல் வலித்தது. செட்டப் பண்ணும் அண்ணன் அதை இழைத்து, ஆக்‌ஷனையும், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தையும், இறக்கிக் கொடுத்தார். வால்யூம் குமிழ் கரகரத்தபோது கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியானது. ஜாக் நட்டு அடிக்கடி கழன்றது, ஒரு பல் வாஷர் போட்டதும் நின்றது. இதெல்லாம் விலை குறைந்த கிட்டாரில் வரக்கூடியதுதான், யாரும் கோபப்படத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வருவது ஜி கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டில்.

அந்த இடத்தில் வரும் ஸ்வரம் சி ஷார்ப். நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை சுருதியின் மேல் ஸா. நாலாவது ஃப்ரெட்டை வாசித்தால் ஒலி ஏழெட்டு வினாடி நிற்கிறது. ஒன்பதாவதும் அப்படியே. ஆறாவதை வாசித்தால் ஈரமணலில் விழுந்த பந்து மாதிரி அங்கேயே அடங்கிவிடுகிறது. முழுக்கவும் செத்துவிட்டால்கூடத் தேவலை. அடிநாதம் மட்டும் முதலில் போய்விடும், மேலே மெல்லிசாக ஒரு எட்டாம் ஸ்வரம் மிஞ்சி நிற்கும். பேஸில் வெயிட்டே அடிநாதம்தான். அது போனபிறகு மிஞ்சுவதைக் கேட்கக் கேட்க எரிச்சல் வரும்.

பேஸ் வாசிக்கிறவர்கள் இதை டெட் ஸ்பாட் என்பார்கள். ஃப்ரெட் தேய்ந்ததால் வருவது இல்லை, கம்பி பழசானதாலும் இல்லை. உங்களிடம் பேஸ் இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது கையால் ஜி கம்பியை ஆறாவது ஃப்ரெட்டில் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். பக்கத்தில் இருப்பவரை, டியூனர் கீ இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் நுனியில் ஒரு விரலை வைக்கச் சொல்லுங்கள். என் கிட்டாரில் அந்த ஸ்வரத்துக்கு ஹெட்ஸ்டாக் கிடுகிடுவென்று நடுங்குகிறது. நான் பிடித்திருக்கும் நெக்கின் பின்பக்கமும் உள்ளங்கையில் அதிர்கிறது. ஒன்பதாவது ஃப்ரெட்டை வாசித்தால் நுனியில் வைத்த விரலுக்கு ஒன்றுமே தெரியாது. விஷயம் அவ்வளவுதான்: கம்பிக்குப் போக வேண்டிய சக்தியை நெக் பிடுங்கிக்கொள்கிறது.

நெக்குக்கும் தனக்கென்று ஒரு அதிர்வு உண்டு. பேஸின் நெக் நீளம், மரம் மெல்லிசு, நுனியில் நாலு பெரிய டியூனர் கீ தொங்குகிறது. அதனால் அந்த அதிர்வு பேஸ் வாசிக்கும் எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. கம்பியின் அதிர்வும் அதுவும் எந்த ஃப்ரெட்டில் ஒத்துப்போகிறதோ, அந்த ஸ்வரம் காலி. என் பேஸில் அது 138.6 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம். ஜெர்மனியில் மியூனிக் பக்கம் ஹெல்முட் ஃப்ளைஷர் என்பவர் 1990-களில் கிட்டார் நெக்குகளை இடம் இடமாக அளந்து பார்த்திருக்கிறார். நெக் எந்த இடத்தில் சுலபமாக அசைந்து கொடுக்கிறதோ அங்கே ஒலி சீக்கிரம் தேய்கிறது என்று அவர் காட்டியதைப் படித்தபோது, நம் காது சொன்னது சரி என்று ஒரு ஆறுதல்.

ஆனால் அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க முடியாதே. எங்கள் கொயரில் முன்னால் நின்று பாடும் அண்ணனுக்கு ஒன்றரைக் கட்டை சுருதி. மெதுவான கீர்த்தனையில் பல்லவி முடிந்து எல்லாரும் ஸாவில் வந்து நிற்கும்போது, பேஸும் மேல் ஸாவில் நிற்க வேண்டும். அங்கேதான் என் பேஸ் கைவிடும். சுருதியை நாலரைக் கட்டைக்கு மாற்றினால் அதே ஸ்வரம் பஞ்சமமாக வந்து நிற்கும். ஆறு கட்டை என்றால் அந்தர காந்தாரம். எப்படிச் சுற்றினாலும் பாட்டின் முக்கியமான இடத்தில் அது வந்துவிடுகிறது. ஏ கம்பியில் நாலாவது ஃப்ரெட், ஜி கம்பியில் ஆறாவது ஃப்ரெட் என்று ஸாவையும் மேல் ஸாவையும் மாற்றி மாற்றி வாசிப்பது எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் பழக்கம். கீழே இருப்பது கணீரென்று ஒலிக்க, மேலே இருப்பது ஒவ்வொரு தடவையும் அமுங்கும்.

அதே சி ஷார்ப் டி கம்பியின் பதினொன்றாவது ஃப்ரெட்டிலும் இருக்கிறது. அங்கே நன்றாகவே நிற்கும். மெதுவான பாட்டுக்கு இப்போது அங்கேதான் போகிறேன். ஒலி கொஞ்சம் தடிமனாக, இருட்டாக இருக்கும். பாட்டைப் பொறுத்து அதுவும் அழகுதான். வேகமான பாட்டில் கை அவ்வளவு தூரம் தாவி வர நேரம் கிடையாது.

செய்து பார்த்த வைத்தியங்களில் உருப்படியானது சி கிளாம்ப். தச்சுவேலைக்காரர்கள் வைத்திருப்பது. ஹெட்ஸ்டாக்கில் துணி சுற்றி அதை மாட்டினால் நுனியில் எடை கூடும், நெக்கின் அதிர்வு கீழே இறங்கும். மாட்டினேன். ஆறாவது ஃப்ரெட் உயிர்பெற்றுவிட்டது! கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடம் ஐந்தாவது ஃப்ரெட்டை வாசித்தேன், அது போயிருந்தது. ஒன்றரைக் கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் பாட்டெல்லாம் ஒரு கட்டையில்தான். கொஞ்சம் சின்ன கிளாம்பாகப் போட்டால் ஒலி அமுங்கும் அந்தப் பள்ளம் இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவில் விழுகிறது. இரண்டும் லேசாகச் சோர்ந்து ஒலிக்கும், ஒன்றும் முழுசாகச் சாகாது. இருப்பதில் அதுவே மேல். ஆனால் எடை கூடியதால் தோளில் மாட்டினால் நெக் தரையைப் பார்த்துச் சாய்கிறது. இடது கை ஸ்வரம் பிடிப்பதற்குப் பதிலாக நெக்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். ரெக்கார்டிங் என்றால் உட்கார்ந்து வாசிக்கலாம், கிளாம்ப் போடலாம். ஆராதனையில் நின்றுகொண்டு முடியாது.

டியூனரை எடை குறைந்ததாக மாற்றினால் பள்ளம் மேலே, ஏழாவது ஃப்ரெட் பக்கம் நகரும். அது இரண்டு கட்டை. அதற்குச் செலவு பண்ண மனம் வரவில்லை. கம்ப்ரஸர் பெடல் போட்டால் தேய்கிற ஒலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். நன்றாகக் கேட்கிறவர் காதுக்குத் தெரிந்துவிடும்.

எதிர்பாராமல் கைகொடுத்தது ஃப்ளாட்வவுண்ட் கம்பி. வழுவழுவென்று பட்டையாகச் சுற்றியிருக்கும், விரல் நகர்த்தினால் கீச்சுச் சத்தம் வராது. பிரெசிஷன் பேஸில் 1960-களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த வகைக் கம்பியைத்தான் போட்டிருந்தார். இந்தக் கம்பியில் எல்லா ஸ்வரமும் சீக்கிரம் தேயும், பும் பும் என்று தவில் தொப்பிக்குப் பக்கத்தில் வரும். எல்லாமே குட்டையாக ஒலிக்கும்போது ஆறாவது ஃப்ரெட்டின் குறை தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. கம்பி மட்டும் கிட்டார் விலையில் கால்வாசி ஆனது. அதற்காக வருத்தமே இல்லை. நம் ஊர்ப் பாட்டுக்கு, ஹார்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் நடுவில், இந்தச் சத்தம் அப்படிப் பொருந்துகிறது.

தூத்துக்குடிக் காற்றையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். ஆனி, ஆடியில் மேல்காற்று வறட்டி எடுக்கும்; மரம் சுருங்கி ஃப்ரெட் நுனிகள் நெக்கின் ஓரத்தில் கையைக் கீறும். நெக்கின் வளைவும் மாறும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்ப்பேன். தேவைப்பட்டால், நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை கால் திருப்பு. விலை உயர்ந்த கிட்டாருக்கும் இது உண்டு.

விலை உயர்ந்ததற்கும் உண்டு என்பதுதான் டெட் ஸ்பாட்டிலும் நியாயமான பேச்சு. ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு விற்கும் அமெரிக்கத் தயாரிப்புகளிலும் ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் இந்தப் பள்ளம் இருப்பதுண்டு. கார்பன் இழையில் ஹெட்ஸ்டாக்கே இல்லாமல் நெட் ஸ்டைன்பர்கர் பேஸ் செய்தபோது, நெக் விறைப்பாக இருந்ததால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அந்த விலைக்கு நாம் எங்கே போவது? மரத்தில் செய்தால் இது வரும். ஒரே மாடலில் இரண்டு கிட்டார் எடுத்தாலும் ஒன்றில் லேசாக இருக்கும், இன்னொன்றில் வாசிக்கவே முடியாது. என் கைக்கு வந்தது மோசமான ரகம்.

இவ்வளவு நியாயமும் தெரிந்தபிறகும், வாரன்டி கேட்டு நான் போட்ட மெயிலுக்கு வந்த பதிலை மன்னிக்க முடியவில்லை. “இது பயன்பாட்டால் ஏற்படுவது” என்று எழுதியிருந்தார்கள். பெட்டியைத் திறந்த அன்றைக்கே இருந்த குறை பயன்பாட்டால் எப்படி வரும்? மரத்தின் குணம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். வாங்குகிறவன் மேலேயே தெரிந்தே பழி போடுவது தப்பு.

போன ஞாயிறு நற்கருணை நேரத்துப் பாட்டில், கீபோர்டும் நின்று, குரலும் பேஸும் மட்டும் இருந்த இடத்தில் அந்த ஸ்வரம் மறுபடியும் அமுங்கியது. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. அதனால் என் தீர்ப்பு: 11,900-க்குக் கிடைத்தாலும் இதை ஆன்லைனில் வாங்க வேண்டாம். 9,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம். பிக்கப் நல்லது, நெக் நல்லது, ட்யூனிங் நல்லது என்று மேலே எழுதியதில் ஒரு வரியையும் மாற்றவில்லை. என் கிட்டாரை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்கவும் மாட்டேன். ஆனாலும் வாசித்துப் பார்க்காமல் இன்னொருவர் இதில் மாட்டிக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கடைக்குப் போங்கள். ஆம்பில் போடுவதற்கு முன்னால் வெறும் கிட்டாராகவே, ஜி கம்பியில் நாலாவது ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாவது வரை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றும் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. அப்புறம் நீங்கள் அதிகம் வாசிக்கும் சுருதியின் ஸாவும் பாவும். அது இரண்டும் நின்றால் பெயிண்டில் கீறல் இருந்தாலும் அதையே எடுங்கள். பழைய கிட்டார் வாங்குவதாக இருந்தாலும் இதே சோதனைதான், நேரில் போய்த்தான்.

தம்பி, நீ அவசரப்பட்டு ஆர்டர் போடாதே. கிறிஸ்துமஸ் கேரல் முடிகிறவரைக்கும் என் பேஸை வைத்து வாசி, கொயர் ரூமில்தான் இருக்கும். ஜனவரியில் மதுரைக்குப் போகிற வேலை இருக்கிறது, நீயும் வா, கடையில் நாலைந்தை எடுத்து வாசித்துப் பார்ப்போம். ஃப்ளாட்வவுண்ட் கம்பிக்குத் தனியாகப் பணம் எடுத்து வை.