லினக்ஸ் டிஎம்ஏ ஏபிஐ: டிரைவர் எழுதுறவங்க பார்வைல ஒரு ரிவ்யூ

டிஎம்ஏனா சிபியூ நடுவுல இல்லாம டிவைஸே நேரா மெமரிய படிச்சு எழுதுறது, அதுக்காக லினக்ஸ் டிரைவருக்கு கொடுக்குற ஃபங்ஷன்கள் தான் டிஎம்ஏ ஏபிஐ. டிரைவர் எழுத வர்றவங்க முதல்ல மண்டைல ஏத்திக்க வேண்டியது, ஒரே மெமரிக்கு மூணு அட்ரஸ் இருக்கலாம்ங்கறது தான். கெர்னல் கோடு பாக்குறது விர்ச்சுவல் அட்ரஸ், சிபியூல அட்ரஸ் மாத்துற பகுதியான எம்எம்யூ அத மாத்தினதுக்கு அப்புறம் சிபியூ வெளிய அனுப்புறது ஃபிசிக்கல் அட்ரஸ், பஸ்ல இருக்க டிவைஸ் பாக்குறது பஸ் அட்ரஸ். இதுல ரெண்டாவதும் மூணாவதும் சாதாரண பிசில பெரும்பாலும் ஒரே நம்பரா வந்துடும், வினையே அங்க தான் ஆரம்பிக்குது, ஏன்னா தப்பா எழுதின டிரைவரும் அந்த மெஷின்ல ஜம்முனு ஓடும்.

ராஸ்பெர்ரி பைய எடுத்துக்கோங்க, இந்த வித்தியாசம் இதுல கண்ணு முன்னாடியே தெரியும். சிப்போட மேனுவல்ல ஜிபிஐஓ (போர்டு பின்கள கட்டுப்படுத்துற) ரிஜிஸ்டர் ஹெக்ஸ்ல 7ஈ200000-ல இருக்குனு போட்டிருக்கும், அது பஸ் அட்ரஸ். ஆர்ம் கோர்ல இருந்து பாத்தா முதல் பைல அதே ரிஜிஸ்டர் 20200000, பை 2, 3-ல 3எஃப்200000, பை 4-ல எஃப்ஈ200000. மெமரி பக்கமும் இதே கதை தான், பை 2-ல ஆர்முக்கு ரேம் 0-ல ஆரம்பிக்குது, ஆனா டிஎம்ஏ எஞ்சினுக்கு அதே ரேம் சி0000000-ல இருந்து தெரியுது. இந்த கணக்க எல்லாம் டிரைவருக்குள்ள எழுதி வச்சா போர்டு மாறுற ஒவ்வொரு தடவையும் டிரைவர தொறந்து நோண்டணும். லினக்ஸ் இத டிவைஸ் ட்ரீல (போர்டுல எந்த ஹார்ட்வேர் எங்க இருக்குனு சொல்ற ஃபைல்) ரேஞ்சஸ், டிஎம்ஏ ரேஞ்சஸ்னு ரெண்டு வரில எழுதி வச்சு முடிச்சுடுது, டிரைவர்ல ஒரு எழுத்து கூட மாறாது. எனக்கு இந்த டிசைன்ல ரொம்ப பிடிச்ச இடம் இது தான்.

பழைய காலத்துல இப்படி இல்ல. லினக்ஸ்லயே விர்ட் டு பஸ், பஸ் டு விர்ட்னு ஃபங்ஷன் இருந்துச்சு, பாயின்டர கொடுத்தா பஸ் அட்ரஸ் வரும், எந்த டிவைஸுக்குனு கேக்கவே கேக்காது. பழைய ஐஎஸ்ஏ பஸ் கார்டுக்கு அட்ரஸ் 24 பிட் தான், 16 எம்பிக்கு மேல அதால போகவே முடியாது, இன்னொரு கார்டுக்கு 32 பிட், இன்னொன்னுக்கு 64, அப்போ டிவைஸ் யாருனு தெரியாம கொடுக்குற அட்ரஸுக்கு என்ன அர்த்தம் இருக்கு? விண்டோஸ் என்டில ஹால் டிரான்ஸ்லேட் பஸ் அட்ரஸ்னு ஒன்னு இருந்துச்சு, அது ரிஜிஸ்டர் பக்கத்துக்கு. பஸ் வகை, பஸ் நம்பர், அட்ரஸ், அது மெமரியா ஐஓ போர்ட்டானு சொல்ற ஒரு வேரியபிள், எல்லாம் கொடுக்கணும். அந்த வேரியபிள் திரும்பி வரும்போது மாறியும் வரலாம், ஆல்ஃபா மாதிரி தனியா ஐஓ ஸ்பேஸ் இல்லாத சிபியூல போர்ட்டுனு கொடுத்தது மெமரியா வரும், டிரைவர் அத செக் பண்ணி மேப் பண்ணிக்கணும். விண்டோஸ் 2000-ல பிளக் அண்ட் பிளே வந்ததும் இந்த வேலைய டிரைவர் கைல இருந்து வாங்கிட்டாங்க, டிவைஸ் ஸ்டார்ட் ஆகும்போதே மாத்தின அட்ரஸ் லிஸ்ட்டும் மாத்தாத லிஸ்ட்டும் சேர்ந்தே வந்துடும்.

இப்போ லினக்ஸ் ஏபிஐக்கு வருவோம். நெட்வொர்க் கார்டு டிரைவர்னு வச்சுக்கோங்க. டிஸ்கிரிப்டர் ரிங்குக்கு (எந்த பஃபர் எங்க இருக்குனு கார்டுக்கு சொல்ற லிஸ்ட்) டிஎம்ஏ அலாக் கோஹெரென்ட் கூப்பிட்டா ஒரே கால்ல ரெண்டு அட்ரஸ் வரும், ஒன்னு நம்ம கோடு எழுதி படிக்கிறதுக்கான பாயின்டர், இன்னொன்னு கார்டுக்கு கொடுக்க வேண்டிய டிஎம்ஏ அட்ரஸ், அத மேல் 32 பிட் கீழ் 32 பிட்னு பிரிச்சு கார்டோட பேஸ் ரிஜிஸ்டர்ல எழுதிட்டா ரிங் ரெடி. இதுல ஒன்ன வச்சு இன்னொன்ன கணக்கு போடுற வேலையே இல்ல, போடவும் கூடாது. பாக்கெட் பஃபருக்கு டிஎம்ஏ மேப் சிங்கிள், அதாவது இருக்க பஃபருக்கு டிஎம்ஏ அட்ரஸ் வாங்குறது, வேலை முடிஞ்சதும் அன்மேப், பஃபர திரும்ப திரும்ப யூஸ் பண்ணா சிபியூவும் டிவைஸும் ஒரே டேட்டாவ பாக்க நடுவுல சிங்க். எல்லாத்துலயும் முதல் ஆர்க்யுமென்ட் டிவைஸ், அதனால நடுவுல ஐஓஎம்எம்யூ (டிவைஸ் அனுப்புற அட்ரஸ மாத்துற ஹார்ட்வேர்) இருக்கா, பவுன்ஸ் பஃபர் (டிவைஸால எட்ட முடியாத மெமரிக்காக நடுவுல காப்பி பண்ற இடம்) வேணுமா, கேஷ் ஃப்ளஷ் பண்ணணுமானு கெர்னலே முடிவு பண்ணிக்குது.

ஐஓஎம்எம்யூ ஆன் பண்ண இன்டெல் மெஷின்ல இதோட அருமை தெரியும். ஃபிசிக்கல் அட்ரஸ அப்படியே கார்டுக்கு கொடுத்த டிரைவர் அங்க நகராது, கெர்னல் லாக்ல டிஎம்ஏஆர்னு ஆரம்பிச்சு எந்த டிவைஸ் எந்த அட்ரஸ தொடப் பாத்துச்சுனு ஒரு வரி விழும். டிரைவர் டெஸ்ட் பண்றவங்க கண்டிப்பா ஐஓஎம்எம்யூ ஆன்ல வச்சு ஒரு தடவ ஓட்டுங்க.

குறைகளும் இருக்கு, மழுப்ப விரும்பல. பெரிய குறை, டிஎம்ஏ அட்ரஸ் டைப் வெறும் இன்டிஜர். ரிஜிஸ்டர் பக்கத்துல, டிவைஸ் ரிஜிஸ்டர கெர்னலுக்கு மேப் பண்ற ஐஓ ரீமேப் கொடுக்குற பாயின்டருக்கு ஐஓமெம்னு குறி இருக்கு, நேரடியா தொட்டா கெர்னல் கோட செக் பண்ற ஸ்பார்ஸ் டூல் கத்தும். இந்த பக்கம் ஃபிசிக்கல் அட்ரஸ தூக்கி டிஎம்ஏ அட்ரஸ் வேரியபிள்ல போட்டாலும் கம்பைலரும் பேசாது, ஸ்பார்ஸும் பேசாது. இவ்வளவு பாத்து பாத்து செஞ்ச ஏபிஐல இது பெரிய ஓட்டை.

அடுத்தது, அன்மேப் பண்ண அட்ரஸையும் சைஸையும் டிரைவரே எங்கயாவது பத்திரமா வச்சிருக்கணும். நெட்பிஎஸ்டிங்கற இன்னொரு ஓஎஸ்ல பஸ் டிஎம்ஏனு இருக்கறதுல மேப்னு தனி ஆப்ஜெக்ட் இருக்கு, அன்லோடுக்கு அத கொடுத்தா போதும், சிங்க் பண்றதும் படிக்கிறதுக்கு முன்னாடியா பின்னாடியானு பேர்லயே தெளிவா இருக்கும். இந்த விஷயத்துல என் ஓட்டு நெட்பிஎஸ்டிக்கு தான். ஸ்கேட்டர் லிஸ்ட்லயும் (மெமரில சிதறிக் கிடக்குற பஃபர் துண்டுகளோட லிஸ்ட்) ஒரு சிக்கல், ஐஓஎம்எம்யூ துண்டுகள ஒட்டிடறதால மேப் பண்ணா குறைஞ்ச எண்ணிக்கை திரும்பி வரலாம், கார்டுக்கு எழுதும்போது அந்த குறைஞ்ச எண்ணிக்கை, அன்மேப்புக்கு மட்டும் முதல்ல கொடுத்த அதே எண்ணிக்கை. டாகுமென்ட்ல தெளிவா சொல்லிருக்காங்க தான், ஆனா ஃபங்ஷன பாத்தா யாருக்கும் தோணாது.

டிவைஸால எத்தன பிட் அட்ரஸ் வரைக்கும் எட்ட முடியும்னு சொல்ற மாஸ்க் செட் பண்ற வரிய விட்டுடாதீங்க. எதுவும் சொல்லலைனா 32 பிட்னு தான் எடுத்துக்கும். 4 ஜிபிக்கு மேல ரேம் இருந்து, ஐஓஎம்எம்யூவும் இல்லைனா, உங்க 64 பிட் கார்டோட டேட்டா கூட பவுன்ஸ் பஃபர் வழியா காப்பி ஆகி போகும். அந்த பஃபர் வழக்கமா 64 எம்பி தான், லோடு ஏறினா நிறைஞ்சு போச்சுனு லாக்ல புலம்பும். ஸ்பீடு ஏன் குறையுதுனு கார்ட போட்டு ஆராயறதுக்கு முன்னாடி இத பாருங்க.

ஸ்டாக்ல இருக்க பஃபர மேப் பண்றது எப்பவுமே கூடாது தான், ஆனா ரொம்ப நாளா எக்ஸ்86-ல ஓடிட்டு இருந்துச்சு. 2016-ல 4.9 கெர்னல் ஸ்டாக்க விமாலாக் மெமரிக்கு (ஃபிசிக்கலா தொடர்ச்சியா இருக்கணும்னு இல்லாத மெமரி) மாத்தற வசதிய கொண்டு வந்ததும் அப்படி எழுதின யுஎஸ்பி டிரைவர்லாம் வரிசையா படுத்துச்சு. இப்போ அந்த மாதிரி அட்ரஸ் கொடுத்தா மேப் பண்ண மாட்டேன்னு வார்னிங்கோட திருப்பி அனுப்பிடுது, ரொம்ப சரியான முடிவு.

மொத்தத்துல 5-க்கு 4 கொடுப்பேன், அந்த டைப் ஓட்டைக்காக ஒன்னு குறைச்சாச்சு. டிரைவர் டெவலப் பண்ற கெர்னல்ல டிஎம்ஏ ஏபிஐ டீபக் ஆப்ஷன் ஆன் பண்ணிடுங்க. மேப் பண்ணிட்டு எர்ரர் செக் பண்ணலைனா சொல்லும், மேப் பண்ண சைஸ் ஒன்னு அன்மேப் பண்ணது ஒன்னுனா சொல்லும், டிரைவர் கழண்டு போகும்போது அன்மேப் ஆகாம நிக்கிறதையும் எண்ணி சொல்லும். கெர்னலோட டீபக் ஃபைல்கள் இருக்க டீபக்எஃப்எஸ்ல டிரைவர் ஃபில்டர்னு ஒரு ஃபைல் இருக்கு, உங்க டிரைவர் பேர அதுல எழுதிட்டா மத்தவங்க வார்னிங் எல்லாம் வராது. ஒவ்வொரு மேப்பையும் குறிச்சு வைக்கிறதால வேகம் குறையும், அதனால கஸ்டமருக்கு போற கெர்னல்ல மட்டும் ஆஃப் பண்ணிக்கோங்க.