ஒற்றையாட்சியா, கூட்டாட்சியா? டெல்டா நெல்லை வைத்து ஓர் அலசல்

கோடியக்கரைக்கு அக்கரையில் இலங்கை. 1978 அரசியலமைப்பு அதை ஒற்றையாட்சி நாடு என்கிறது. அதாவது அதிகாரமெல்லாம் தலைநகரிடம். இக்கரையில் நாம் 'மாநிலங்களின் ஒன்றியம்', அதிகாரத்தை மத்தியும் மாநிலமும் பகிரும் கூட்டாட்சி. இரு கரையிலும் நெல்தான் விளைகிறது, ஒப்பிட வசதி.

கூட்டாட்சியில் சட்டமன்றத்துக்குச் செலவு செய்ய அதிகாரம் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திருத்துறைப்பூண்டி சட்டமன்ற உறுப்பினரால் வாய்க்கால் தூர்வார ஒரு ரூபாயைக்கூட கூட்ட முடியாது. நம் அரசியலமைப்பின் 203ஆம் பிரிவுப்படி மானியக் கோரிக்கையை (துறைக்கு அரசு கேட்கும் செலவுத் தொகையை) ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; அவ்வளவுதான். ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் கோரிக்கையே வராது. கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது அந்தத் துறையின் குறையைப் பேசத்தான். இலங்கையிலும் (பிரிவு 152) செலவு மசோதாவை அமைச்சரவை ஒப்புதலோடு அமைச்சர்தான் கொண்டுவர முடியும். அதே ஒற்றையாட்சியான பிரான்சில் செலவைக் கூட்டும் உறுப்பினர் மசோதா அனுமதிக்கப்படுவதே இல்லை. ஆக, இந்தப் பூட்டு எல்லா வீட்டிலும் உண்டு.

வித்தியாசம் அடுத்த பூட்டில் வருகிறது. தூர்வாரும் வேலையைப் பாருங்கள். பாசனம் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம். சென்னையில் மானியக் கோரிக்கை, நிதி ஒதுக்கீட்டுச் சட்டம், அரசாணை, டெண்டர் எல்லாம் முடிந்து, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குள் கரை ஏற வேண்டும். தேர்தல் ஆண்டில் இது தடுமாறும். இடைக்கால பட்ஜெட்டில் அன்றாடச் செலவுக்கு முன்பணம் மட்டும் கிடைக்கும். புதுத் திட்டம் காத்திருக்கும். 2021இல் திருத்திய பட்ஜெட் வந்தது ஆகஸ்ட் 13. தண்ணீரோ ஜூனிலேயே வந்துவிட்டது.

கொள்முதலில்தான் கூட்டாட்சி கையைக் கடிக்கிறது. குறுவை அறுவடை அக்டோபர் மழையில் மாட்டினால் நெல்லின் ஈரப்பதம் 20, 22 விழுக்காட்டைத் தொடும். அனுமதி 17 மட்டுமே. மூட்டையை வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். தளர்வு கொடுப்பது டெல்லி. மாநிலம் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து, மாதிரி எடுத்து, ஆய்வகம் பார்த்து உத்தரவு வருவதற்குள் களத்துக் குவியல் அடியில் முளைவிட்டுவிடும். தளர்வுக்கு முன்னே மாநிலம் துணிந்து வாங்கினால், மத்தியத் தொகுப்பில் (மத்திய அரசின் தானிய இருப்பில்) ஏற்காத நெல்லின் நட்டம் மாநிலத்தின் தலையில். ஆதார விலைக்கு மேல் 2025-26இல் குவிண்டாலுக்குச் சாதா ரகத்துக்கு 131, சன்ன ரகத்துக்கு 156 ரூபாய் ஊக்கத்தொகை தர மட்டும் மாநிலம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒற்றையாட்சியில் இந்தக் கடிதப் போக்குவரத்து இல்லை. ஆனால் தவறும் ஒரே கையெழுத்தில் நாடு முழுக்கப் போய்ச் சேரும். 2021இல் கொழும்பு ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது, மட்டக்களப்பில் மாற்று முடிவெடுக்க ஒரு சட்டமன்றம் இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் பெரும்போகம் (அங்குள்ள பெரிய நெல் பருவம்) தொடங்கிவிட்டது. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் வந்த மாகாண சபைகள் நிதிக்குக் கொழும்பையே நம்பியவை. அவற்றுக்கு அப்போது தேர்தல்கூட நடக்கவில்லை.

மொத்தச் செலவுக்கான உச்சவரம்பு இரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் நிதிப் பற்றாக்குறையை மாநில உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. அதை மாநிலமே தளர்த்தலாம். ஆனால் மத்தியக் கடன் பாக்கி இருக்கும்வரை புதுக்கடனுக்கு நம் அரசியலமைப்பின் 293(3)இன்படி டெல்லி சம்மதம் வேண்டும். இந்தக் கயிறுதான் உண்மையில் இறுக்குகிறது. இலங்கையில் 2024 சட்டம் வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 விழுக்காட்டுக்குள் கட்டியிருக்கிறது. ஒரே கயிறு, ஒரே கை.

என் கணக்கில் கூட்டாட்சிக்கே மதிப்பெண் கூடுதல். ஈரப்பதத்துக்கு அரை மதிப்பெண் பிடித்தம். வாய்க்கால் வேலை கேட்பவர்கள் ஜனவரியிலேயே விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு வையுங்கள். மே மாதம் கேட்டால் பட்ஜெட் முடிந்திருக்கும்; வேலை தொடங்குவதற்குள் தண்ணீரும் புறப்பட்டுவிடும். ஈரப்பத மனுவில் கொள்முதல் நிலையத்தில் தேங்கிய மூட்டை எண்ணிக்கையும் தேதிவாரி அளவீடும் இருக்கட்டும்; டெல்லிக்குப் போகும் கடிதத்தில் அந்த எண்கள்தான் பேசும்.