பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து, ஸ்டெம் செல் (உடம்பில் வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் கை கால் எழுந்துவிடும் என்று யாரோ சொல்லி, நீங்கள் நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் அப்படித்தான் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கட்டினோம். பணத்தைக்கூட விடுங்கள். அந்த நான்கு மாதத்தில் அப்பாவின் உடம்புக்கு நடந்ததைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கரூர் பக்கம் மளிகைக்கடை. போன வருடம் தீபாவளிச் சரக்கு இறக்கிய களைப்பில் இரவு பத்து மணிக்குப் படுத்தார். காலை ஐந்தரைக்கு அம்மா எழுப்பியபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை கால் அசையவில்லை, பேச்சும் இல்லை. பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஸ்கேன் வசதி இல்லை. அதைச் சொல்லி உடனே அனுப்பியிருக்கலாம். “பிரஷர் இறங்கட்டும், ட்ரிப்ஸ் போட்டுப் பார்க்கலாம்” என்று பதினொரு மணி வரை வைத்திருந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது மதியம் ஒன்றாகிவிட்டது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை நாம் கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து எண்ண மாட்டார்கள், நோயாளி கடைசியாக நல்லபடியாக இருந்ததைப் பார்த்த நிமிடத்திலிருந்து எண்ணுவார்கள். அப்பாவுக்கு அது முந்தின இரவு பத்து மணி. தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அதற்கு மூளையில் காப்பாற்ற இடம் மிச்சம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இடது பக்கத்தில் பெரிய பகுதி ஏற்கெனவே போய்விட்டது என்றார் டாக்டர்.

“இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால்” என்ற ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் அன்றைக்கு நுழைந்தது. அம்மா ராத்திரி அதைச் சொல்லித்தான் அழுவாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் ஸ்டெம் செல் ஊசி போட்ட கிளினிக்காரர்கள் பிடித்தது இந்த இடத்தைத்தான்.

நான்காவது மாதம் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் மூன்று ஊசிக்குப் பிறகு நடந்து போகிறார். நம்பருக்குப் பேசினேன். மறுநாளிலிருந்து ‘கவுன்சிலர்’ என்று ஒரு பெண் தினமும் அழைத்தார். அப்பாவின் ஸ்கேனை வாட்ஸப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு, “செத்த செல்லுக்குப் பதிலா புது செல் முளைக்கும், அப்பா கடையில உக்காருவார்” என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்றதற்கு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “முதல் நாளே லேட் ஆயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? மறுபடியும் லேட் பண்ணப் போறீங்களா சிஸ்டர்?” அன்றைக்கு மாலையே அம்மாவின் வளையலையும் அட்டிகையையும் வங்கியில் வைத்தோம்.

ஊசி போடும் விதத்தைச் சொல்கிறேன். இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்தார்கள். அதை மெஷினில் சுற்றிச் செல்களைப் பிரித்து, அன்றைக்கே முதுகுத்தண்டில் குத்தி உள்ளே செலுத்தினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று தடவை. கையெழுத்து வாங்கிய பதினான்கு பக்கத் தாளும் ஆங்கிலத்தில் இருந்தது, அம்மாவுக்கு ஒரு வரிகூட யாரும் படித்துச் சொல்லவில்லை. ரசீதில் ‘மறுவாழ்வு பேக்கேஜ்’ என்றுதான் போட்டிருந்தது, ஸ்டெம் செல் என்ற சொல்லே கிடையாது. அன்றைக்கே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

முதுகில் குத்தும்போது ரத்தம் கசியக் கூடாது என்று ஒவ்வொரு தடவைக்கும் ஏழு நாள் முன்பே ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதித் தரவில்லை. இரண்டாவது தடவை நாங்கள் போனில் கேட்டுக் கேட்டு, பதிமூன்று நாள் கழித்துத்தான் ஆரம்பித்தோம். அப்புறம், ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் உடம்பை அலட்டக் கூடாது, செல் ‘செட்’ ஆக வேண்டும் என்று பிசியோதெரபியையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம்.

முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் தலையைத் தூக்க முடியாத வலி. மூன்றாவதற்குப் பிறகு காய்ச்சல். கை மட்டும் எழவே இல்லை. ஏற்கெனவே கைத்தாங்கலாக நாலு எட்டு வைத்துக்கொண்டிருந்தவர், கட்டிலை விட்டு எழுந்திருக்கவே பயந்தார். வலது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டினால் கத்தினார். கிளினிக்குக்குச் சொன்னால், நான்காவது ஊசி போட்டால்தான் பலன் தெரியும், அதைப் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள்.

அப்போதுதான் எல்லாக் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு முதலில் பார்த்த அரசு மருத்துவமனை நரம்பியல் டாக்டரிடம் போனேன். மாத்திரையை நிறுத்திய கதையைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன். “ஒரு தடவை ஸ்ட்ரோக் வந்தவருக்கு மறுபடி வராமல் தடுப்பதே இந்த மாத்திரைதான். மூன்று தடவை நிறுத்தியும் இரண்டாவது ஸ்ட்ரோக் வராமல் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்” என்றார்.

பிறகு உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். செத்த மூளைப்பகுதியில் புது மூளையை முளைக்கவைக்கும் மருந்து இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. இப்படி மஜ்ஜையிலிருந்து செல் எடுத்துப் போடுவதை நம் நாட்டிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் தலைமையில் ஐந்து மருத்துவமனைகளில் 120 பக்கவாத நோயாளிகளிடம் செய்த அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதில் ரத்தநாளம் வழியாகப் போட்டார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. முதுகுத்தண்டில் போட்டால் மட்டும் பலன் தரும் என்பதற்கு எங்களிடம் யாரும் எந்த ஆதாரமும் காட்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் முறைகள் எல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. அனுமதி வாங்கி, பதிவு செய்து, ஆய்வாக மட்டும்தான் செய்யலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

கிளினிக் கொடுத்த கோப்பில் ஓர் ஆய்வுப் பதிவு எண் இருந்தது. அண்ணன் அதை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தான். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அது முழங்கால் தேய்மானம் பற்றிய, எப்போதோ முடிந்துபோன வேறு ஓர் ஆய்வு.

அப்படியானால் வீடியோவில் நடந்தவர்? டாக்டர் சொன்னது இதுதான். பக்கவாதம் வந்த முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் பலருக்கு ஓரளவு தானாகவே முன்னேற்றம் வரும். செத்த பகுதி திரும்பாது, ஆனால் உயிரோடிருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்கிற பயிற்சியால்தான் பழகும். அந்த மாதங்களில் தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டு வீடியோ எடுத்தாலும் சிலர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பாவுக்கு இயற்கை கொடுத்த அதே மாதங்களை, பயிற்சி வேண்டிய அதே மாதங்களை, பணம் கொடுத்துப் படுக்கையில் கழிக்கவைத்திருக்கிறோம்.

இப்போது அப்பாவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவமனையில் பயிற்சி. மீதி நாள் நாங்களே செய்கிறோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்பது எங்களுக்கு இத்தனை நாள் தெரியவில்லை. 2021-இலிருந்து நடக்கிற திட்டம், காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தோம், வருகிறார்கள். தோள் இறுக்கம் பாதி குறைந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்குக் கடைச் சாமான்களையே வரிசையாக வைத்துப் பெயர் கேட்கிறோம். ‘உப்பு’ தெளிவாக வருகிறது. ‘துவரம்பருப்பு’ இன்னும் ‘பப்பு’தான்.

இந்த மாதிரி இடத்தில் இருந்து உங்களுக்கு அழைப்பு வந்தால், இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வு என்றால் ஏன் காசு, சிகிச்சை என்றால் ரசீதில் ஏன் பெயர் இல்லை என்று கேளுங்கள். எங்கள் கவுன்சிலர் இதைக் கேட்ட அன்றே போனை வைத்தார், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. யார் சொன்னாலும், உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. எப்படிக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். நாங்கள் மாவட்ட ஆணையத்திலும், மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் கொடுத்திருக்கிறோம். ரசீது, வாட்ஸப் உரையாடல், மாத்திரையை நிறுத்தச் சொன்ன குரல் பதிவு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். ஆணையத்தில் அடுத்த மாதம் முதல் விசாரணை. அம்மாவும் வருவேன் என்கிறாள்.