கிணற்று நீரைச் சோதிக்க: களப்பெட்டியா, ஆய்வகமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதிலுள்ள ஃபுளோரைடு (அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

களப்பெட்டி என்பது கிணற்றடியிலேயே சோதிக்க உதவும் சிறு பெட்டி; தண்ணீரில் அதன் சோதனை மருந்தைச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுகிறோம். சில நிமிட வேலை, வாசலிலேயே முடிந்துவிடும். கிருமிக்கு எச்2எஸ் குப்பி இருக்கிறது: தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். மழையில் கிணறு கலங்கிய வாரத்தில் எனக்கு முதலில் வேண்டியது இதுதான்.

ஆனால் களப்பெட்டியில் துல்லியமான எண் கிடைக்காது. இந்தியத் தரப்படி (ஐ.எஸ். 10500) ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை. அளவு 1.3-ஆ, 1.7-ஆ என்பதை நிற அட்டையை நம்பி முடிவுசெய்து பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம்தான் சரி. கட்டணம் உண்டு, காத்திருப்பும் உண்டு. கிருமிச் சோதனை என்றால் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும். பிந்தினால் முடிவு பிசகும்.

டிடிஎஸ் மீட்டரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கரைந்த உப்பின் அளவைக் காட்டும், கிருமியைக் காட்டாது.