ஆக்ஸ்ஃபோர்டுல எந்த ஏரியால வீடு பாக்கறது? ஹெடிங்டன், மார்ஸ்டன், கவுலி, சம்மர்டவுன், இல்ல ஊருக்கு வெளியவா?

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வேலை கிடைச்சு வர்ற நம்மாளுங்க முக்கால்வாசி பேர் ரைட்மூவ்னு வீடு தேடற வெப்சைட்ல ஊர் பேரைப் போட்டு வாடகை கம்மியா இருக்கறதை முதல்ல காட்டச் சொல்லிட்டு, அப்புறம் கூகுள் மேப்ல ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர்னு பாப்பாங்க. மத்த ஊர்ல இது ஓகே, ஆனா இந்த ஊர்ல இதை வச்சு முடிவு பண்ணாதீங்க. இங்க நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, காலைல வேலைக்குப் போகும்போது ஆத்தைத் தாண்டணுமா வேணாமா.

ஏன்னா ஊருக்கு மேக்கால தேம்ஸ், கிழக்கால சார்வெல், ரெண்டு ஆத்துக்கும் நடுவுல சிக்கின மாதிரி பழைய நகரம். ஆத்தோரம் முழுக்க வெள்ளம் வர்ற புல்வெளி, அங்க யாரும் வீடு கட்ட முடியாது, போர்ட் மெடோ, கிரைஸ்ட் சர்ச் மெடோ எல்லாம் அப்படியே பல நூறு வருஷமா கிடக்கு. பாக்க அவ்ளோ அழகு, ஆனா அதனாலேயே சார்வெல்லை கார்ல தாண்ட ரிங் ரோடுக்கு உள்ள ரெண்டே வழிதான், ஒண்ணு மாட்லன் பாலம், இன்னொண்ணு மார்ஸ்டன் ஃபெர்ரி ரோடு. மேப்ல மூணு கிலோமீட்டர்னு காட்டற இடத்துக்கு காலை எட்டு மணிக்கு கிளம்பினா எவ்ளோ நேரம் ஆகும்னு அந்த ரெண்டு வழில ஒண்ணுல போய் நின்னு பாத்தா தெரியும். அது போதாதுன்னு 2025 அக்டோபர் கடைசில இருந்து ஆறு இடத்துல கார்ல கடந்தா ஒரு நாளைக்கு 5 பவுண்டு கட்டணும்னு தற்காலிகமா நெரிசல் கட்டணம் கொண்டு வந்தாங்க, அந்த ஆறு இடத்துல மார்ஸ்டன் ஃபெர்ரி ரோடும் உண்டு, கவுலி பக்கம் ஹாலோ வேயும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்குள்ள குடியிருக்கறவங்க அப்ளை பண்ணா வருஷத்துக்கு 100 நாள் ஃப்ரீ பாஸ் தர்றாங்க, ஆனா தினமும் ஓட்டறவங்களுக்கு அது அஞ்சு மாசம் கூட வராது.

சரி, ஏரியாவுக்கு வருவோம்.

நம்ம ஊர்ல இருந்து வர்ற நர்ஸ், டாக்டர்ஸ்ல பெரும்பாலானவங்களுக்கு வேலை ஹெடிங்டன்லதான். ஜான் ராட்க்ளிஃப், சர்ச்சில், நஃபீல்ட் ஆர்த்தோபீடிக் மூணு ஆஸ்பத்திரியும் அந்த மலை மேலதான் இருக்கு, ஆக்ஸ்ஃபோர்ட் ப்ரூக்ஸ் யுனிவர்சிட்டியும் அங்கதான், ஓல்டு ரோடு கேம்பஸ்ல மெடிக்கல் ரிசர்ச் பண்றவங்களும் அங்கதான். அதனால வாடகையும் லேசுல இறங்காது. ஆனா ஷிஃப்ட் வேலை பாக்கறவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன், ராத்திரி டூட்டி முடிஞ்சு காலைல பஸ்ஸுக்கு நிக்காம பத்து பதினஞ்சு நிமிஷத்துல நடந்து வந்து படுத்துக்கறதுக்கு ஈடா எதுவும் இல்ல. ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்கை நம்பி தூரமா வீடு எடுக்காதீங்க, அங்க இடம் தேடறதே ஒரு தனி வேலை, சுத்தியிருக்கற தெருவெல்லாம் ரெசிடென்ட் பர்மிட் இல்லாம நிறுத்த முடியாது. இன்னொரு வசதி, லண்டன் கோச்சும் ஹீத்ரூ ஏர்போர்ட் கோச்சும் ஹெடிங்டன்லயே நிக்கும், அம்மா அப்பா ஊர்ல இருந்து வந்தா ரெண்டு பெட்டியைத் தூக்கிட்டு டவுனுக்குள்ள போய் மாற வேணாம். ஏ40 ரோடு பக்கத்துலயே இருக்கறதால ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோவிலுக்கு போறவங்களுக்கும் நேரா ஒரே வழி. (நியூ ஹை ஸ்ட்ரீட்ல ஒரு வீட்டுக் கூரைல தலைகீழா குத்தி நிக்கற சுறா மீன் சிலை இருக்கு, 1986ல வச்சது, பசங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க.)

ஹெடிங்டனுக்குக் கீழ இறங்கினா மார்ஸ்டன். எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச ஏரியா இதுதான், ஆனா வீடு தேடறவங்க லிஸ்ட்ல இது கடைசியாதான் வருது, ஏன்னு புரியல. புருஷன் பொண்டாட்டில ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி, இன்னொருத்தருக்கு யுனிவர்சிட்டி லேப்னு இருந்தா இதை விட நல்ல இடம் கிடையாது. ஒரு பக்கம் ஹெட்லி வே ஏத்தம் ஏறினா ஜான் ராட்க்ளிஃப் ஆஸ்பத்திரி, மூச்சு வாங்கும் ஆனா நடக்கற தூரம்தான். இன்னொரு பக்கம் எட்ஜ்வே ரோடு முனைல ஆரம்பிக்கற மார்ஸ்டன் சைக்கிள் ட்ராக், சார்வெல்லைத் தாண்டி நேரா சவுத் பார்க்ஸ் ரோடுல சயின்ஸ் டிபார்ட்மென்ட் வாசல்ல கொண்டு விட்டுடும். கார் கிடையாது, சிக்னல் கிடையாது, ரெண்டு பக்கமும் புல்வெளி, காலைல ஹெல்மெட் போட்ட ப்ரொஃபசர், பின்னாடி சீட்ல குழந்தையை வச்சுட்டுப் போற அம்மா, பிஎச்டி பசங்கன்னு வரிசையாப் போவாங்க. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும்கறதால நல்ல லைட் ஒண்ணு வாங்கிடுங்க, மழை பலமா பெஞ்சா ஆத்துத் தண்ணி பக்கத்து புல்வெளில ஏறி நிக்கும், அந்த மாதிரி நாள்ல மாத்து வழி யோசிச்சு வைக்கணும். ஸ்கூலுக்கும் பரவால்ல, 2019ல ஆரம்பிச்ச ஸ்வான் ஸ்கூல் மார்ஸ்டன் ஃபெர்ரி ரோடுலயே இருக்கு, அதே ரோடு வழியா ஆத்தைத் தாண்டினா சார்வெல் ஸ்கூல், ரோடு ஓரமாவே தனி சைக்கிள் பாதை. குறைன்னு சொன்னா கடைத்தெரு ரொம்ப சின்னது, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வெளிய போய் சாப்பிடணும்னா எதுவும் இல்ல. ஓல்டு மார்ஸ்டன் இன்னும் கிராமம் மாதிரியே இருக்கும், இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல 1646ல ஆக்ஸ்ஃபோர்ட் முற்றுகை முடிஞ்சப்போ சரணடையற பேச்சுவார்த்தை நடந்தது அங்கதான்.

கவுலி ரோடு பக்கம் வந்தா இதுக்கு நேர் எதிர். கூட்டம், சத்தம், கலகலப்பு, பாகிஸ்தானி கடை, பங்களாதேஷி கடை, போலிஷ் கடை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், பொன்னி அரிசின்னு கேட்டா ஏதாவது ஒரு கடைல இருக்கும். தனியா வர்ற மாணவர்களுக்கும், கல்யாணம் ஆகாத ஐ.டி. பசங்களுக்கும் நல்ல இடம், ரூம் ஷேர் பண்ணி இருக்கலாம். ஆனா ஒரு விஷயத்துல கறாரா இருங்க. இந்த ஊர்ல உறவு இல்லாத மூணு பேர் சேர்ந்து ஒரு வீட்டுல இருந்தாலே வீட்டு ஓனர் கவுன்சில்ல லைசென்ஸ் வாங்கியிருக்கணும், 2022 செப்டம்பர்ல இருந்து தனியார் வாடகை வீடு எல்லாத்துக்குமே லைசென்ஸ் வேணும்னு கொண்டு வந்துட்டாங்க. கவுன்சில் வெப்சைட்ல அட்ரஸ் போட்டு பாத்துடலாம், லைசென்ஸ் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க, வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் சரி.

கவுலி ரோடு வேற, கவுலி வேற. ரோடு முடிஞ்சு இன்னும் தள்ளிப் போனாதான் கவுலி, 1913ல வில்லியம் மோரிஸ் கார் பண்ண ஆரம்பிச்ச ஊர், இப்போ மினி ஃபேக்டரி இருக்கு. அதுக்குத் தெக்கால ப்ளாக்பேர்ட் லீஸ், லிட்டில்மோர். ஃபேக்டரி வேலைக்காரங்க, கவுன்சில் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள்னு வளர்ந்த ஏரியாங்கறதால "அங்க போகாதீங்க"ன்னு நம்மாளுங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வச்சிருக்காங்க, எனக்கு இதுல உடன்பாடு கிடையாது. ரிங் ரோடுக்குள்ளயோ ஒட்டியோ மூணு பெட்ரூம், பின்னாடி தோட்டம், வாசல்ல கார் நிறுத்த இடம்னு நம்ம பட்ஜெட்டுல கிடைக்கறது இந்தப் பக்கம்தான், அஞ்சாம் நம்பர் பஸ் அடிக்கடி ஓடுது, சர்ச்சில் ஆஸ்பத்திரிக்கு ஆத்தைத் தாண்டாமலே போயிடலாம். சரக்கு ரயில் மட்டும் ஓடற கவுலி தடத்துல பயணிகள் ரயில் விட 2025ல அரசாங்கம் பணம் அறிவிச்சிருக்கு, வந்தா நல்லது, ஆனா வர்றதுக்கு முன்னாடியே அதை நம்பி வீடு வாங்கணும்னு இல்ல.

வடக்க சம்மர்டவுன், நல்ல ஏரியா, நல்ல ஸ்கூல், நல்ல மரங்கள், விலை மட்டும் தலை சுத்தும். ஜெரிக்கோவும் அதே கதைதான், யுனிவர்சிட்டி ப்ரெஸ்ல வேலை பாத்த தொழிலாளிகளுக்காக வந்த குட்டி குட்டி வீடுங்க இன்னைக்கு வசதியானவங்க மட்டும் வாங்கற விலைல நிக்குது. இந்த ரெண்டும் வேணும்னு ஆசைப்படறவங்க சம்மர்டவுனுக்கு மேல இருக்கற கட்டஸ்லோவை ஒரு தடவை பாருங்க. 1934ல அங்க கவுன்சில் வீட்டுக்காரங்க தங்களோட தெரு வழியா நடக்கக் கூடாதுன்னு தனியார் வீட்டுக்காரங்க பக்கம் ரோடுக்குக் குறுக்கால சுவர் எழுப்பி வச்சாங்க, மேல கூர் கம்பியோட, 1959ல தான் இடிச்சாங்க. அந்தச் சுவர் போச்சு, ஆனா எந்த ஏரியா "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு", எந்த ஏரியா இல்லன்னு பேசறது இன்னும் போகல, அதனாலதான் ப்ளாக்பேர்ட் லீஸ் பத்தி அவ்ளோ அழுத்தமா சொன்னேன்.

மேக்க பாட்லி, ஆஸ்னி. ஸ்டேஷனுக்குப் பக்கம்தான், ஆனா ரயில் பாலம் வேலைக்காக 2023 ஏப்ரல்ல பாட்லி ரோடை கார், பஸ்ஸுக்கு மூடினதுல இருந்து அந்தப் பக்கத்து ஜனங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. வெள்ளமும் இங்கதான், தெக்க ஆபிங்டன் ரோடு பக்கமும் அப்படித்தான், 2007லயும் 2014லயும் தண்ணி வந்துச்சு. வீடு வாங்கறதா இருந்தா அரசாங்க வெப்சைட்ல போஸ்ட்கோடு போட்டு வெள்ள அபாயம் பாக்காம மேல ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க, இன்ஷூரன்ஸ் விலையும் முன்னாடியே கேட்டுடுங்க.

ஊருக்கு வெளிய போறதுன்னா கிட்லிங்டன், பிஸ்டர், டிட்காட், ஆபிங்டன், விட்னி. இதுல ஆபிங்டனுக்கும் விட்னிக்கும் ரயிலே கிடையாது, பஸ்தான், விட்னில இருந்து காலைல ஏ40ல வர்றது பெரிய சோதனை, கார் இருந்தாலும் அதே க்யூதான். வீட்டுல ஒருத்தர் லண்டன் போறவங்கன்னா டிட்காட், ஃபாஸ்ட் ட்ரெயின்ல பாடிங்டன் சுமார் முக்கால் மணி நேரம், ஆக்ஸ்ஃபோர்டுக்கு கால் மணி நேரம், ஹார்வெல்ல டயமண்ட் லைட் சோர்ஸ், ரதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் லேப்னு ஆராய்ச்சிக் கூடங்கள்ல வேலை பாக்கறவங்களுக்கு பக்கத்துலயே. புது வீடுகள் நிறைய, சுவர் ஈரம் இல்லாம இருக்கும், ஹீட்டிங் பில் கம்மியா வரும். பிஸ்டரும் அதே மாதிரிதான், அங்க இருந்து லண்டன் மெரில்போன் ஸ்டேஷனுக்கு ட்ரெயின். ஆனா ஆஸ்பத்திரி வேலைக்கு பிஸ்டர்ல இருந்து தினமும் கார்ல வர்றேன்னு முடிவு பண்றவங்க ஏ34 எப்படி இருக்கும்னு ஒரு திங்கட்கிழமை காலைல வந்து பாத்துட்டு சொல்லுங்க. அதுக்கு கிட்லிங்டன் பல மடங்கு மேல், 700ம் நம்பர் பஸ் ஆக்ஸ்ஃபோர்ட் பார்க்வே ஸ்டேஷன், சம்மர்டவுன் வழியா நேரா ஆஸ்பத்திரிக்கே போகுது, 2015ல திறந்த அந்த ஸ்டேஷன்ல இருந்து லண்டனும் போகலாம்.

நம்ம வீடுகள்ல ஸ்கூல் பேச்சு வந்தா அடுத்த நிமிஷம் லெவன் ப்ளஸ், அதாவது க்ராமர் ஸ்கூல்ல சேர எழுதற நுழைவுத் தேர்வு பேச்சும் வந்துடும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல இப்படி தேர்வு வச்சு சேர்க்கற அரசாங்க க்ராமர் ஸ்கூல் ஒண்ணு கூட கிடையாது. அது வேணும்னா ரெடிங், இல்ல ஆலிஸ்பரி பக்கம்தான் பாக்கணும், அதுக்காகவே டிட்காட்டையோ தேம்ங்கற ஊரையோ எடுக்கறவங்க அந்தந்த ஸ்கூலோட எல்லை விதியை வீடு எடுக்கறதுக்கு முன்னாடியே படிச்சுடணும். என்னைக் கேட்டா, பதினோரு வயசுப் பிள்ளையை தினமும் ட்ரெயின் ஏத்தறதை விட ஊருக்குள்ள நடந்து போற ஸ்கூல் நல்லது. செகண்டரிக்கு அக்டோபர் 31, ப்ரைமரிக்கு ஜனவரி 15 கடைசி தேதி, அந்த தேதிக்குள்ள எந்த அட்ரஸ்ல இருக்கீங்கங்கறதுதான் கணக்கு.

கடைசியா, வீடு பாக்கப் போறப்போ ஏரியா எதுவா இருந்தாலும் பின்பக்க பெட்ரூம்ல வெளிச்சுவர் மூலைல அலமாரி இருந்தா அதை நகர்த்தச் சொல்லி பின்னாடி பாருங்க. விக்டோரியன் காலத்து செங்கல் வீடுகள்ல சுவருக்குள்ள இடைவெளியே கிடையாது, குளிர் நேரா உள்ள வரும், நம்ம சமையல் ஆவி போய் அங்க படிஞ்சு கருப்பு கருப்பா பூஞ்சை பிடிக்கும். புது பெயின்ட் வாசனை அந்த ஒரு மூலைல மட்டும் வந்தா ஏஜென்ட்கிட்ட நேராவே கேளுங்க. ஜன்னல் சட்டத்துக் கீழ்ப் பக்கம் மரம் ஊறிப் போயிருக்கான்னு நகத்தால அழுத்திப் பாருங்க, கன்சர்வேஷன் ஏரியான்னா, அதாவது பழைய தோற்றத்தைப் பாதுகாக்கற பகுதின்னா, ஓனர் நினைச்சாலும் அதை சுலபமா மாத்த முடியாம இருக்கலாம். இ.பி.சி.ங்கற வீட்டு மின்சாரம், ஹீட்டிங் சிக்கனச் சான்றிதழ்ல ரேட்டிங் ஈ-க்கு கீழ இருந்தா பொதுவா வாடகைக்கே விடக் கூடாது, சி இருந்தா தைரியமா எடுங்க. டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல கேட்டா கொடுக்காதீங்க, கொடுத்த 30 நாளுக்குள்ள எந்த டெபாசிட் பாதுகாப்பு ஸ்கீம்ல போட்டாங்கன்னு எழுத்துல வாங்கிக்கங்க.